தயிரா, செம்பருத்தியா, கடைப் பாக்கெட்டா? சென்னைத் தண்ணீரில் முடி மிருதுவாக இருக்க

சென்னைக்குப் புதிதாகக் குடிவரும் பெண்கள் இரண்டு மூன்று மாதத்தில் சொல்ல ஆரம்பிக்கும் புகார் ஒன்று உண்டு. "ஊர்ல இருந்தவரைக்கும் முடி நல்லாத்தான் இருந்துச்சு, இங்க வந்ததும் சொரசொரன்னு ஆயிடுச்சு." உடனே ஷாம்பூ மாறும். அதிலும் சரிப்படாவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தயிர், முட்டை, வாழைப்பழம், வெந்தயம் என்று சமையலறையில் பாதி தலைக்கு ஏறும். குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொள்ளும்; முடி மட்டும் அப்படியே இருக்கும்.

இவற்றில் எது காசுக்கும் உழைப்புக்கும் ஏற்ற பலன் தரும், எது வெறும் சடங்கு? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைக்குக் குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய், குளித்தபின் செம்பருத்தி இலை மாதிரி வழவழப்பு தருகிற ஏதாவது ஒன்று. சமையலறையிலும் தோட்டத்திலும் இதற்கு மேல் தேட வேண்டியதில்லை. சாயம் பூசிய முடிக்கும், பார்லரில் ஸ்ட்ரெயிட்னிங் செய்த முடிக்கும் கடைக் கண்டிஷனரே மேல். தயிருக்கும் முட்டைக்கும் இருக்கிற பேர் அவற்றின் வேலையை விடப் பெரியது.

முதலில் தண்ணீர்

எதைத் தடவுவது என்று யோசிக்கும் முன், எதில் அலசுகிறோம் என்று பார்த்துவிட வேண்டும். மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், ஒழுங்காக வருகிற வீடு ஒரு ரகம். மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலந்து ஏறும் அடுக்குமாடி இன்னொரு ரகம். கீசரைக் கழற்றினால் உள்ளே சூடாக்கும் கம்பிச்சுருள் மேல் வெள்ளையாக ஓடு கட்டியிருக்கும். பக்கெட் விளிம்பில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெள்ளைக் கோடு இருக்கும். அதெல்லாம் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் விட்டுப்போன படிவு. முடியிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கிறது. அப்படிப் பிடித்த முடிமேல் எந்தச் சாற்றை ஊற்றினாலும் பாதிப் பலன்தான்.

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. குளிக்கிற தண்ணீரை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருகிறவர் கையில் பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பார், குளியலறைக் குழாய்த் தண்ணீரையும் ஒரு டம்ளரில் பிடித்து நீட்டினால் பார்த்துச் சொல்வார். அது மொத்த உப்பைக் காட்டுமே தவிரக் கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது, ஆனாலும் ஒரு மட்டு தெரியும். மீட்டர் இல்லாவிட்டால் சாதாரண சோப்பே போதும். நுரை வராமல் தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாக மிதந்தால் தண்ணீர் கடினம்.

கொதிக்க வைத்தால் இதில் ஒரு பகுதிதான் போகும். படிகாரம் போட்டால் கலங்கல் தெளியும், கடினத்தன்மை அப்படியே இருக்கும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சிலர் வீணாக்க மனசில்லாமல் குளிக்க வைத்துக்கொள்கிறார்கள். வடிகட்டிய உப்பெல்லாம் கூடியிருப்பது அதில்தான். தரை துடைக்கப் பயன்படுத்துங்கள், தலைக்கு வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் மென்தண்ணீர்தான், ஆனால் உள்ளே இருக்கும் தூசியும் பாசியும் அதோடு சேர்ந்து வரும். அதைத் தலையில் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை.

நடைமுறையில் முடிகிற காரியம் ஒன்றுதான்: கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பெரிய மக்கு நல்ல தண்ணீர். மெட்ரோ தண்ணீர் பிடித்து வைத்தது இருந்தால் அது, இல்லாவிட்டால் கேன் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. முதல் மழை கூரையைக் கழுவிக்கொண்டு வருவதால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் அத்தனையையும் விட இந்த ஒரு மக்கு தண்ணீர் சில வீடுகளில் அதிக வித்தியாசம் காட்டும்.

முடி ஏன் சொரசொரக்கிறது

வெளியே தெரியும் முடி உயிரில்லாதது, கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்கு ஊட்டம் கொடுக்க முடியாது. மேல்புறத்தில் ஓடு வேய்ந்த மாதிரி நுண்ணிய செதில்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். அவை படிந்திருந்தால் வழுக்கும், நிமிர்ந்தால் உரசும். அந்தச் செதில்களுக்கு மேல் பிறவியிலேயே ஒரு மெல்லிய கொழுப்புப் பூச்சு உண்டு. சாயம், பிளீச், சூடான அயர்ன், வெயில் எல்லாம் அதைத் தின்றுவிடும். போனது தானாகத் திரும்பி வராது. ஆகவே கண்டிஷனர் என்ற பெயரில் எதைப் போட்டாலும் அது மூன்றில் ஒரு வேலையைத்தான் செய்கிறது: உள்ளே கொஞ்சம் போய்ச் சேதத்தைத் தடுப்பது, மேலே வழுக்கலாக ஒரு படலம் விடுவது, அல்லது லேசான புளிப்பால் செதிலைப் படிய வைப்பது. எந்தப் பொருள் எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்தால் தேர்வு சுலபம்.

எண்ணெய்: போடும் நேரம்தான் விஷயம்

எண்ணெயில் போட்டியே கிடையாது, தேங்காய் எண்ணெய்தான். ஊர்ப்பாசத்தில் சொல்லவில்லை. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். சின்ன, நேரான மூலக்கூறு என்பதால் முடிக்குள் நுழைகிறது. 2003-இல் ரேலே, மோஹிலே என்ற இரண்டு ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், முடியிலிருந்து புரதம் கழுவிப் போவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறிப்பிடும்படி குறைத்தது. அவர்கள் பாராசூட் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் காரணம் வேதியியலோடு பொருந்துகிறது: நனையும்போது முடி தண்ணீர் குடித்து உப்பும், காயும்போது சுருங்கும். எண்ணெய் முன்பே உள்ளே இருந்தால் அந்த உப்பல் குறையும், செதில் அவ்வளவு நிமிராது.

இதனால்தான் எண்ணெயைக் குளிப்பதற்கு முன் போட வேண்டும் என்கிறேன். இரண்டு டீஸ்பூன் போதும். காதுக்குக் கீழே நுனி வரைக்கும் நன்றாகத் தடவி அரை மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க விட்டுவிட்டு ஷாம்பூவோ சீயக்காயோ போடலாம். மண்டை முழுக்க வழிய வழிய ஊற்றினால் அதை எடுக்க இரண்டு மடங்கு ஷாம்பூ வேண்டும், அந்த ஷாம்பூவே முடியை வறளடித்துவிடும். 2025-இல் எண்ணெய் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு அப்படி ஊற்ற யாருக்கும் கையும் வராது. எண்ணெய் வைத்த தலையோடு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஓ.எம்.ஆரில் வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நல்லெண்ணெய்க் குளியல் சுகமான விஷயம், உடம்புக்கு. முடிக்குள் போகிற கணக்கில் அது தேங்காய் எண்ணெய்க்குப் பின்னால்தான். "லைட் ஹேர் ஆயில்" என்று வருகிற பலவற்றில் பெரும்பகுதி லைட் லிக்விட் பாரஃபின், அதாவது மினரல் ஆயில். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பளபளப்பு தரும், உள்ளே போகாது. விளக்கெண்ணெயைத் தனியாகத் தலைக்கு வைக்காதீர்கள். கெட்டியான பசை அது. விளக்கெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து தேய்த்துக் குளித்த ஒரு பெண்ணின் நீள முடி ஒரே நாளில் பிரிக்க முடியாத முடிச்சாகி, வெட்ட வேண்டியதாகிவிட்டதை 2017-இல் நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். அபூர்வம்தான். ஆனாலும் இடுப்பு வரை முடி உள்ளவர்கள் எதற்கு வம்பை விலைக்கு வாங்க வேண்டும்?

பொடுகு இருப்பவர்கள் உச்சந்தலையில் எண்ணெய் வைக்காமல் இருப்பதே நல்லது. பொடுகுக்குக் காரணமான பூஞ்சை இந்தக் கொழுப்பைத்தான் தின்று பெருகும். "பொடுகா, எண்ணெய் காணலை" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சரி பாட்டி என்று சொல்லிவிட்டு நுனிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வழவழப்பு தருகிறவை

செம்பருத்தி இலை, வெந்தயம், ஆளி விதை, கற்றாழை எல்லாம் ஒரே குடும்ப வேலைதான் செய்கின்றன. தண்ணீரில் ஊறினால் கொழகொழவென்று ஒரு பசை விடும். அது முடிக்கு முடி உரசுவதைக் குறைக்கும், சீப்பு தடையில்லாமல் இறங்கும், காய்ந்தபின் மெல்லிய படலமாக நிற்கும். அடுத்த குளியல் வரைக்கும் அதன் ஆயுள். வீட்டு வைத்தியத்தில் கடைக் கண்டிஷனருக்கு மிக அருகே வருவது இந்தக் கூட்டம்தான்.

இதில் செம்பருத்திக்கு நான் முதல் இடம் தருவேன். காரணம், செலவே இல்லை. மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் பழைய வீட்டுக் காம்பவுண்டு ஒவ்வொன்றிலும் ஒரு ஒற்றைச் செம்பருத்தி நிற்கும். கேட்டுப் பறிப்பதுதான் மரியாதை. எங்கள் கீழ்வீட்டு மாமியிடம் ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சுதான். "இலையை எவ்ளோ வேணா எடுத்துக்கோடி, மொட்டைத் தொட்டுடாதே, அம்பாளுக்கு வேணும்." "சரி மாமி, கீழ்க்கிளையில இருக்கறதுதான் எடுக்கறேன்." பூ இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. பசை இலையிலேயே தாராளமாக இருக்கிறது.

தோள் வரை முடிக்குப் பதினைந்து இருபது இலை. கழுவி, கையால் கிழித்து, ஒரு மக்கு தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு கையாலேயே பிசைய வேண்டும். முதலில் வெறும் பச்சைத் தண்ணீராகத்தான் இருக்கும். ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றும். இன்னும் கொஞ்சம் கசக்கினால் திடீரென்று இழுபடும். விரலைத் தூக்கினால் நூல் மாதிரி தொங்கும், லேசாக நுரையும் வரும். அதுதான் பதம். டீ வடிகட்டியில் வடித்தால் இலைத்துணுக்கு தப்பி வந்துவிடும். பழைய வேட்டித் துணியில் பிழிவதே மேல். மிக்ஸியில் அடிப்பது சோம்பேறி வழி. அரைத்த இலை முடியில் ஒட்டி, காய்ந்தபின் அலுவலகத்தில் தோளெல்லாம் பச்சைத் தூள் உதிரும். ஷாம்பூ போட்டு அலசியபின் இந்தச் சாற்றை ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு, ஈரத்திலேயே அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்துவிட்டு அலசலாம். சுத்தம் செய்யும் குணமும் கொஞ்சம் இருப்பதால் எண்ணெய்ப் பிசுக்கையும் சிறிது எடுத்துவிடும்.

வெந்தயத்தின் வேலையும் கிட்டத்தட்ட இதேதான். கடையில் எப்போதும் கிடைக்கும், இட்லிக்கு ஊறப் போடும்போது இரண்டு ஸ்பூன் கூடப் போட்டால் தனி வேலையும் இல்லை. சிக்கல் இரண்டு. அரைத்துப் பூசினால் துணுக்கு போகவே போகாது. ஊறிய தண்ணீரையும் பசையையும் மட்டும் வடித்து எடுக்க வேண்டும். அடுத்தது வாசனை. குளித்தவுடன் தெரியாது. மதியம் வியர்த்து, சென்னை வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கமகமவென்று எழும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஓகே. சளி, சைனஸ் தொல்லை இருப்பவர்கள் தலையில் ஈரமாக அரை மணி நேரம் ஊறவிடுவதைத் தவிர்க்கலாம்.

சுருட்டை முடிக்காரர்கள் இந்த இரண்டையும் தாண்டி ஆளி விதைக்குப் போகலாம். இரண்டு மேஜைக்கரண்டி விதையை இரண்டு கப் தண்ணீரில் கொதிக்க விட்டு, முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் சூட்டோடு வடித்துவிட வேண்டும். ஆறினால் துணியை விட்டு இறங்காது. ஈர முடியில் தடவி அப்படியே விட்டுவிட்டால் சுருள் சேர்ந்து நிற்கும், அலச வேண்டாம். சென்னையின் காற்றீரத்தில் சுருட்டை முடி பறப்பதுதான் பெரிய பிரச்சினை. அதற்கு வீட்டில் செய்யக்கூடியவற்றில் இதுவே சரியான மருந்து. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும்.

கற்றாழை தொட்டியில் இருந்தால் பயன்படுத்துங்கள், இதற்கென்று வாங்க வேண்டாம். பெரும்பகுதி தண்ணீர்தான். வெட்டியதும் வடிகிற மஞ்சள் பால் அரிப்பு தரும்; மடலைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து அதை வடியவிட்டு, கழுவிவிட்டுத்தான் உள்ளே இருக்கும் சோற்றை எடுக்க வேண்டும்.

தயிரும் எலுமிச்சையும்

தயிரில் இருப்பது லாக்டிக் அமிலம், கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் புரதம். புரதம் முடிக்குள் போகாத அளவுக்குப் பெரியது. கொழுப்பு அரை மணி நேரத்தில் பெரிதாக எதுவும் செய்துவிடாது. மிச்சம் புளிப்பு. அது செதிலைப் படிய வைக்கிறது, கடின நீர் விட்ட படிவையும் கொஞ்சம் கரைக்கிறது. இந்த வேலையை அரைமூடி எலுமிச்சை ஒரு பெரிய மக்கு தண்ணீரில் செய்துவிடும். ஒரு மேஜைக்கரண்டி வினிகரும் செய்யும். கெட்டிலில் படிந்த வெள்ளை ஓட்டில் வினிகர் ஊற்றினால் குமிழ் விட்டுக் கரைவதைப் பார்த்திருப்பீர்கள். முடியில் அவ்வளவு வேகம் இராது, ஆனால் திசை அதேதான்.

அப்படியிருக்க அரை லிட்டர் தயிரைத் தலையில் கொட்டி, கழுத்தில் வழியவிட்டு, பிறகு அந்தப் புளித்த நாற்றம் போக இரண்டு முறை ஷாம்பூ போடுவானேன்? வீட்டில் தயிர் புளித்து வீணாகப் போகிறது என்றால் மோராகக் கரைத்து ஊற்றி அலசிவிடுங்கள், அதில் தப்பில்லை. போர் தண்ணீர் வீடுகளுக்கு வாரம் ஒரு முறை வினிகர் அலசல்தான் என் சிபாரிசு. முடி காய்ந்ததும் வினிகர் வாசனை போய்விடும். எலுமிச்சை போட்டால் நன்றாக அலசிவிட்டுத்தான் வெயிலுக்குப் போக வேண்டும். அந்தச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் புண்ணாகும், கறுத்துப் போகும். இரண்டையும் தண்ணீர் கலக்காமல் ஊற்றக் கூடாது. சமையல் சோடாவைத் தலைக்குப் போடச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அது காரம், புளிப்பு செய்வதற்கு நேர் எதிரான வேலையைச் செய்யும்.

வடிகஞ்சி

குக்கர் வந்தபின் வடிகஞ்சி பல வீடுகளில் இல்லவே இல்லை. பானையில் வடிக்கிற வீட்டில் அந்தக் காலத்தில் சீயக்காயைக் கஞ்சியில் கரைத்துத்தான் தேய்த்தார்கள். சீயக்காய் வறளடிக்கும், கஞ்சி அதைத் தணிக்கும். அந்தக் கூட்டணிக்கு அர்த்தம் உண்டு. இப்போது அரிசித் தண்ணீர் என்று தனியாக, அதுவும் புளிக்க வைத்து, சீனாவில் ஹுவாங்லுவோ கிராமத்து யாவ் பெண்களின் நீள முடியைக் காட்டி விளம்பரம் செய்கிறார்கள். அந்தப் பெண்கள் அரிசித் தண்ணீரில் முடியலசுவது உண்மை. அதனால்தான் முடி அவ்வளவு நீளம் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

மிருதுத்தன்மை மட்டும் வேண்டுமென்றால் கஞ்சி எல்லாருக்கும் ஒத்துவராது. மெல்லிய, எண்ணெய்ப்பசையுள்ள முடிக்கு அடர்த்தி தெரியும், நன்றாக இருக்கும். தடித்த, வறண்ட முடியில் அது கஞ்சி போட்ட வேட்டி மாதிரி மொடமொடத்துவிடும். அடிக்கடி செய்கிறவர்களுக்கு இன்னும் அதிகம். மாதத்தில் ஒன்றிரண்டு முறை, சீயக்காயோடு சேர்த்து என்றால் சரி.

முட்டை, பழம், தேங்காய்ப் பால்

முட்டை வேண்டாம். வெள்ளைக்கருப் புரதம் உள்ளே போகாது. மஞ்சள் கருவின் கொழுப்பும் லெசித்தினும் கொஞ்சம் வழவழப்பு தரும், ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை அந்தக் கவுச்சி. கீசரைப் போட்டுக் கொஞ்சம் சூடாக ஊற்றிவிட்டால் தலையிலேயே பொரியல் தயார். அந்தப் புரதத்தை வயிற்றுக்குக் கொடுங்கள், முடி அங்கிருந்துதான் முளைக்கிறது.

வாழைப்பழம் எவ்வளவு மசித்தாலும் நார் தங்கும். பட்டர் ஃப்ரூட் விலைக்கு நல்ல கண்டிஷனர் பாட்டிலே வாங்கலாம். தேன் ஈரத்தை இழுக்கும் பொருள். ஏற்கெனவே காற்று முழுக்க ஈரமாக இருக்கிற ஊரில் அதனால் முடி உப்பிப் பறக்கும்.

தேங்காய்ப் பால் மட்டும் இந்த வரிசையில் மதிக்கத்தக்கது. ஆப்பத்துக்குப் பிழிந்ததில் முதல் பால் ஒரு கரண்டி மிச்சமிருந்தால் குளிப்பதற்கு அரை மணி நேரம் முன் நுனியில் தடவலாம். எண்ணெயும் தண்ணீரும் கலந்த பதம் என்பதால் சீராகப் பரவும், எண்ணெயை விடச் சுலபமாகப் போகும்.

கடைப் பாக்கெட்

ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து எல்லார் கைக்கும் எட்டச் செய்ததில் நம்மூருக்குப் பெரிய பங்கு உண்டு. கடலூர் சின்னி கிருஷ்ணன் தொடங்கி வைத்த வழி அது. அவர் மகன் ரங்கநாதன் சிக் ஷாம்பூவைக் கொண்டுவந்து, சென்னையிலிருந்து கவின்கேர் நிறுவனமாக வளர்த்தார். கண்டிஷனரும் அதே வழியில் இப்போது சில ரூபாய்க்குப் பெட்டிக்கடையில் தொங்குகிறது. இயற்கை வைத்தியம் பேசுகிறவர்கள் இதைக் கெமிக்கல் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் சேதமான முடிக்கு இது செய்யும் வேலையைச் செம்பருத்தியும் தயிரும் செய்ய முடியாது.

காரணம் மின்னேற்றம். சேதமான முடியின் மேற்பரப்பு எதிர்மின் ஏற்றம் கொண்டது. கண்டிஷனரில் நேர்மின் ஏற்றமுள்ள பொருட்கள் இருக்கின்றன. லேபிளில் செட்ரிமோனியம், பெஹென்ட்ரிமோனியம் என்று தொடங்கும் பெயர்கள் அவைதான். எங்கே சேதம் அதிகமோ அங்கேயே போய் அதிகமாக ஒட்டும், அலசினாலும் முழுக்கப் போகாது. கூடவே கெட்டியான கொழுப்பு ஆல்கஹாலும் சிலிகோனும் சேர்ந்து வழுக்கலைக் கொடுக்கும். ஆல்கஹால் என்றதும் பயப்பட வேண்டாம், செட்டில், ஸ்டியரில் வகையெல்லாம் மெழுகு மாதிரியானவை, உலர்த்தாது. சிலிகோன் முடியை மூச்சு விட முடியாமல் அடைக்கும் என்பதும் கட்டுக்கதை. முடி மூச்சு விடுவதில்லை. அடுத்த ஷாம்பூவில் பெரும்பாலும் போய்விடும்.

தோளைத் தொடாத முடி உள்ளவர்களுக்கு ஒரு பாக்கெட் போதும், சிலருக்கு இரண்டு முறைக்கே வரும். ஷாம்பூவுக்குப் பிறகு முடியைப் பிழிந்து தண்ணீரை எடுத்துவிட்டு, காதுக்குக் கீழே மட்டும் தடவி, இரண்டு நிமிடம் விட்டு, சிக்கெடுத்து அலச வேண்டும். சொட்டச் சொட்ட ஈரமான தலையில் போட்டால் பாதி சாக்கடைக்குத்தான் போகும். உச்சந்தலையில் தேய்த்தால் மறுநாளே படிந்து எண்ணெய் வடியும். "கண்டிஷனர் எனக்கு ஒத்துக்கலை" என்கிறவர்களில் பலர் செய்வது இதைத்தான்.

அப்போ யாருக்கு எது?

காலையில் ஏழு மணி லோக்கல் ரயிலைப் பிடிக்கிறவர்களுக்கு இலை கசக்கும் வேலையெல்லாம் ஆகாது. முதல் நாள் இரவு நுனிக்கு எண்ணெய், காலையில் ஷாம்பூ, ஒரு பாக்கெட் கண்டிஷனர். எல்லாம் சேர்த்து ஒரு டீக்காசுக்குள் முடிந்துவிடும். காசை மட்டும் பார்த்தால் செம்பருத்திதான் மலிவு, ஆனால் அதற்குப் பறிக்க, ஊற, பிசைய, வடிக்க என்று அரை மணி நேரத்துக்கு மேல் போகும். தயிரும் முட்டையும் காசும் தின்னும், நேரமும் தின்னும்.

சாயமும் இல்லை, அயர்னும் இல்லை, நீளமான நல்ல முடி, வாரக் கடைசியில் நேரமும் உண்டு என்றால் கடைக்கே போக வேண்டாம். எண்ணெயும் செம்பருத்தியும் போதும். சிறு பெண் குழந்தைகளுக்கும் இதுவே சரி, சிக்கெடுக்கும்போது வருகிற அழுகை பாதியாகும். முதல் தடவை எதைப் போட்டாலும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிடுங்கள். இலையும் விதையும் என்பதற்காக அரிக்காது என்று கிடையாது.

ஸ்ட்ரெயிட்னிங், ஸ்மூத்தனிங், கலரிங் செய்தவர்கள் கண்டிஷனரை ஒரு முறை கூட விடக்கூடாது. பார்லருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு அதற்கப்புறம் தயிர் போடுவதில் என்ன லாபம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. எண்ணெய் இவர்களுக்கும் உண்டு. மருதாணியை மட்டும் கண்டிஷனர் என்று நினைத்துப் போடாதீர்கள், நிறம் பிடிக்கும், பலருக்கு முடி முரடாகும்.

செடியும் இல்லை, பறிக்க இடமும் இல்லை என்கிறவர்களுக்குப் பொடி இருக்கிறது. மயிலாப்பூர் கச்சேரி ரோடு டப்பா செட்டி கடை மாதிரியான நாட்டு மருந்துக் கடைகளிலும், இப்போது சூப்பர் மார்க்கெட்டுகளிலும் செம்பருத்திப் பொடி, வெந்தயப் பொடி என்று கிடைக்கும். அரப்பும் சீயக்காயும் அதே அலமாரியில் இருக்கும், அவை அழுக்கெடுக்கத்தான், மிருதுவாக்க அல்ல. பொடி வாங்கினால் முதலில் சின்னப் பாக்கெட்டாக வாங்கி, ஒரு ஸ்பூனை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் கழித்து விரலிடையே தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் பெரிய பாக்கெட் வாங்கலாம். மண் மாதிரி நறநறத்தால் அது வெறும் பச்சைத் தூள்தான், கடை மாற்றிவிடுங்கள்.